அமெரிக்காவில் இணையவழி குற்றவியல் நீதிப் பட்டம்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

நான்கு பாடங்கள், பன்னிரண்டு கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 390 டாலர். மொத்தம் 4,680 டாலர் கட்டி, எட்டு மாதம் ராத்திரி கண்விழித்துப் படித்த பிறகுதான் அந்த இளங்கலைப் பட்டமே எனக்குத் தேவையில்லை என்று தெரிந்தது. விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வாங்கிய பி.ஏ. சமூகவியல் ஏற்கெனவே கையில் இருந்தது. அதை முறையாக மதிப்பீடு செய்து வாங்கியிருந்தால் நேரே முதுகலையில் சேர்ந்திருப்பேன். சேர்க்கைப் பிரிவில் பேசியவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு மாணவி, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் குடியிருந்துகொண்டு, சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு (ப்ரோபேஷன்), விடுதலையானவர்களின் மறுவாழ்வு ஆகிய துறைகளில் வேலைக்குப் போக நினைத்து, அதற்காக இணையவழியில் படிக்க விரும்பும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே இந்தத் துறைக்கு மொத்தமாகக் 'கரெக்‌ஷன்ஸ்' என்று பெயர். நான் டெக்சாஸில் இருக்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால், நான் சொல்வதை உங்கள் மாநிலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. கல்லூரியைத் தேடாதீர்கள், வேலை விளம்பரத்தைத் தேடுங்கள்

உங்கள் மாநிலச் சிறைத்துறை, உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) நன்னடத்தைத் துறை ஆகியவற்றின் தளங்களுக்குப் போய், உங்களுக்குப் பிடித்த வேலைக்கான விளம்பரங்கள் ஐந்தை அச்சடித்து எடுத்துக்கொள்ளுங்கள். தகுதி என்று போட்டிருக்கும் வரிகளை அடிக்கோடிடுங்கள். இந்த ஒரு மணி நேர வேலையை நான் செய்திருந்தால் மேலே சொன்ன பணம் மிஞ்சியிருக்கும்.

பொதுவாக நிலைமை இதுதான். சிறைக்காவலர் வேலைக்குப் பல மாநிலங்களில் பள்ளிப்படிப்புச் சான்று போதும். பட்டம் இருந்தால் பதவி உயர்வுக்கு உதவும். நன்னடத்தை அதிகாரி, பரோல் அதிகாரி வேலைகளுக்குப் பெரும்பாலும் இளங்கலைப் பட்டம் வேண்டும். டெக்சாஸில் கவுண்டி நன்னடத்தை அதிகாரிக்கு இளங்கலைப் பட்டம் சட்டப்படியே கட்டாயம். விடுதலையாகி வருபவர்களுக்கு வீடு, வேலை, அடையாள அட்டை ஏற்பாடு செய்யும் 'கேஸ் மேனேஜர்' வேலைகள் தொண்டு நிறுவனங்களிலும் உண்டு. அங்கே பட்டத்தைவிட அனுபவத்தைப் பார்ப்பார்கள்.

மத்திய அரசு வேலை என்றால் கதை வேறு. மத்தியச் சிறைத்துறையில் காவலராகச் சேரக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. பணி நியமனத்தின்போது வயது பொதுவாக 37-க்குள் இருக்க வேண்டும், சில விதிவிலக்குகள் உண்டு. மத்திய நன்னடத்தை அதிகாரிக்கும் அதே வயதுக் கணக்குதான். அதோடு, கடைசி ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளாவது அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மத்திய அரசின் நீதித்துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அமைச்சகத்தின் கீழ் வரும் வேலைகளில் பார்ப்பீர்கள். உங்களுக்கு இப்போது 35 வயது, குடியுரிமைக்கு இன்னும் நான்கு வருஷம் என்றால், மத்தியச் சிறை வேலையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மாநிலமும் கவுண்டியும்தான் உங்கள் களம்.

நம்மவர்கள் அதிகமாக விழும் பள்ளம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'மறுவாழ்வு' என்ற சொல்லைப் பார்த்ததும், சிறைக்குள் உட்கார்ந்து கவுன்சலிங் கொடுக்கும் வேலை என்று மனதில் ஒரு படம் வருகிறது. குற்றவியல் நீதிப் பட்டம் அதற்கான உரிமத்தைத் தராது. மனநல ஆலோசகர், சமூகப்பணியாளர், போதை மீட்பு ஆலோசகர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மாநிலம் தனித்தனி உரிமம் வைத்திருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி உண்டு, அது நேரில்தான். உங்கள் ஆசை அதுவானால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு, அங்கீகாரம் பெற்ற சமூகப்பணிப் படிப்பைத் தேடுங்கள். பட்டம் வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

2. நான்கு சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஊரில் நாம் பழகிய அர்த்தம் இங்கே ஆளைக் கவிழ்த்துவிடும். 'ஜெயில்', 'பிரிசன்' இரண்டையும் நாம் சிறை என்றே சொல்கிறோம். இங்கே ஜெயில் என்பது கவுண்டி நடத்துவது. விசாரணைக்காகக் காத்திருப்பவர்களும் குறுகிய தண்டனை பெற்றவர்களும் இருக்கும் இடம். பிரிசன் என்பது மாநிலமோ மத்திய அரசோ நடத்துவது. பெரும்பாலும் ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்கு. வேலைக்கு விண்ணப்பிக்கும் அலுவலகமே இரண்டுக்கும் வேறு வேறு.

பரோல் இன்னும் மோசம். தமிழ்நாட்டில் பரோல் என்றால் மகள் கல்யாணத்துக்கோ அம்மா சாவுக்கோ சில நாள் விடுப்பில் வருவது. இங்கே அது தண்டனை முடியும் முன்பே விடுதலை செய்து, மிச்சக் காலம் முழுக்க ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியில் வைத்திருப்பது. ப்ரோபேஷன் என்பது சிறைக்குப் பதிலாகவே நீதிமன்றம் விதிக்கும் கண்காணிப்பு. நம் ஊரில் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் வருவதற்குக் கிட்டத்தட்ட ஒப்பு. மத்திய வழக்குகளில் 1987 நவம்பர் 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் பரோலே கிடையாது. தண்டனை முடிந்தபின் வரும் கண்காணிப்புக்கு அங்கே வேறு பெயர். என் முதல் கட்டுரையில் பரோலை 'விடுப்பு' என்ற பொருளில் நான் எழுத, பேராசிரியர் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்.

3. உங்கள் விசா என்ன அனுமதிக்கிறது?

எஃப்-1 மாணவர் விசாவில் முழு இணையவழிப் பட்டம் படிக்க முடியாது. முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், அதாவது மூன்று கிரெடிட் மட்டுமே இணையவழியில் சேரும். முழு இணையவழிப் படிப்புக்கு ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தத் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கான விசா இருந்தால் தாராளமாகப் படிக்கலாம், தனி அனுமதி எதுவும் வேண்டாம். ஆனால் படிப்பில் களப்பயிற்சி இருந்தால் கவனம். வேலை அனுமதி அட்டை இல்லாமல், சம்பளமில்லாத பயிற்சியாக இருந்தாலும், அது வேலை என்று கருதப்படும் வாய்ப்பு உண்டு. குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது களப்பயிற்சிக்குப் பதிலாக ஆய்வுக் கட்டுரை எழுத விடும் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, மத்திய அரசின் கல்வி உதவிக்கும் தகுதி வந்துவிடும்.

4. அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள்

கல்லூரியின் தளத்தில் 'முழு அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அமெரிக்கக் கல்வித்துறை எல்லா அங்கீகாரங்களையும் ஒரு பொதுத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. அதில் கல்லூரியின் பெயரைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாமே முன்பு 'மண்டல அங்கீகாரம்' என்று அழைக்கப்பட்ட வகையில் வருபவை. 2020-இல் கல்வித்துறை மண்டலம், தேசியம் என்ற வேறுபாட்டை எடுத்துவிட்டாலும், கிரெடிட்டை மாற்றிக்கொள்ளும்போது பல கல்லூரிகள் பழைய கணக்கையே பார்க்கின்றன. லாப நோக்கில் நடந்த இரண்டு பெரிய கல்லூரிக் குழுமங்கள், கொரிந்தியன் 2015-இலும் ஐடிடி டெக் 2016-இலும் இழுத்து மூடப்பட்டதும், அங்கே படித்தவர்கள் கிரெடிட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, மாநில எல்லை. இணையவழிதானே, எந்த மாநிலக் கல்லூரியிலும் சேரலாம் என்று தோன்றும். பெரும்பாலான மாநிலங்கள் இதற்காக ஓர் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கின்றன. கலிபோர்னியா மட்டும் நீண்ட காலம் சேராமலே இருந்தது. நீங்கள் கலிபோர்னியாவில் இருந்து வெளிமாநிலக் கல்லூரியில் சேர்கிறீர்கள் என்றால், உங்கள் மாநில மாணவரைச் சேர்க்க அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெயர்கள் கேட்பீர்கள், சொல்கிறேன். ஹன்ட்ஸ்வில்லில் உள்ள சாம் ஹூஸ்டன் மாநிலப் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் பழைய கை. டெக்சாஸ் சிறைத்துறையின் தலைமையகமும் அதே ஊரில்தான். சின்சினாட்டி பல்கலைக்கழகம் மறுவாழ்வு ஆராய்ச்சிக்குப் பேர்போனது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், பென் ஸ்டேட், நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரி ஆகியவையும் இணையவழியில் நடத்துகின்றன. பாடத்திட்டத்தைத் திறந்து, 'கரெக்‌ஷன்ஸ்' என்ற தலைப்பில் எத்தனை பாடம் என்று எண்ணிப் பாருங்கள். பல இடங்களில் குற்றவியல் நீதி என்ற பெயரில் பாதிக்கு மேல் காவல்துறைப் பாடங்களாக இருக்கும். சிறை, சமூகக் கண்காணிப்பு, இளம் குற்றவாளிகள், இடர் மதிப்பீடு ஆகியவற்றில் நான்கு பாடமாவது இல்லையென்றால் அது உங்களுக்கான படிப்பு இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை: கல்லூரிகளை ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் 'மேலும் அறிய' என்று இருக்கும் படிவத்தை நிரப்பாதீர்கள். நான் நிரப்பிய மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. மூன்று மாதம் ஓயவில்லை.

5. ஊர்ச் சான்றிதழ்கள்: இங்கேதான் காலம் போகும்

முழுப் படிப்பிலும் என்னை அழவைத்தது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் இந்தியப் பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று பார்த்து, அமெரிக்கக் கணக்கில் இது இதற்குச் சமம் என்று அறிக்கை தர வேண்டும். டபிள்யூ.ஈ.எஸ்., ஈ.சி.ஈ. போல, 'நேசஸ்' என்ற மதிப்பீட்டாளர் கூட்டமைப்பில் உள்ள நிறுவனங்களைத்தான் பெரும்பாலான கல்லூரிகளும் அரசு அலுவலகங்களும் ஏற்கும். பணம் கட்டும் முன் உங்கள் கல்லூரி எந்த நிறுவனத்தை ஏற்கும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பாடவாரியான அறிக்கை கேளுங்கள். பட்டத்தின் பெயரை மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை சேர்க்கைக்கு உதவாது. பாடவாரி அறிக்கைக்கு அனுப்பும் செலவோடு 200 டாலருக்கு மேல் ஆகும்.

மூன்றாண்டுப் பட்டக்காரர்களுக்கு ஒரு சிக்கல். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். பட்டங்களைச் சில நிறுவனங்கள் அமெரிக்க இளங்கலைக்குச் சமம் என்கின்றன. சில, 'மூன்றாண்டு இளங்கலைக் கல்வி' என்றே எழுதி நிறுத்திவிடும். டபிள்யூ.ஈ.எஸ். நிறுவனம், கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் இந்திய அமைப்பான 'நாக்' (NAAC) தந்த தரத்தையும் நீங்கள் வாங்கிய வகுப்பையும் பார்க்கிறது. உங்கள் கல்லூரியின் நாக் தரத்தை முதலில் தெரிந்துகொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிறுவனம் குறைத்து மதிப்பிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், வேறொரு நிறுவனத்திடம் போகலாம். ஆனால் மறுபடியும் பணம், மறுபடியும் காத்திருப்பு.

அடுத்தது மதிப்பெண் பட்டியல். நீங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து அனுப்பினால் போதாது. பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும்: ஒட்டிய உறை, உறையின் மடிப்பின் மேல் கையெழுத்தும் முத்திரையும், உள்ளே மதிப்பீட்டு நிறுவனத்தின் படிவம். இதற்கு 'டிரான்ஸ்கிரிப்ட்' என்று பெயர். கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேட்காதீர்கள். பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம் என்பதால் அதன் தேர்வாணையர் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். என் தம்பி மூன்று தடவை போனான். முதல் தடவை டிமாண்ட் டிராஃப்ட் தொகை தவறு. இரண்டாம் தடவை ஆள் விடுப்பு. மூன்றாம் தடவை எல்லாம் சரியாகி, உறை இங்கே வந்து சேர்ந்தது. முத்திரை மட்டும் மடிப்பில் இல்லாமல் உறையின் நடுவில் இருந்தது. நிராகரித்துவிட்டார்கள். ஆள் போவதாக இருந்தால், முத்திரை எங்கே விழ வேண்டும் என்று ஒரு மாதிரிப் படத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மின்வழியில் அனுப்பும் வசதி உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள்.

இப்போது பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரும் வியாதி இது. மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரே பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆவணத்தில் கணவர் பெயர். சிலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயரே இல்லாததால், இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப்பெயர் இடத்தில் போட்டு, விசாவில் 'எஃப்.என்.யூ.' என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அடித்துவிடுவார்கள். படிப்புக்கு இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். சிறைத்துறை வேலையிலோ பின்னணிச் சோதனை என்று ஒன்று வருகிறது. அங்கே மூன்று பெயர் என்றால் மூன்று ஆள். நான் செய்தது: எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று இங்கே நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம், அதோடு பாஸ்போர்ட், திருமணச் சான்று, பிறப்புச் சான்று நகல்கள். இந்தக் கட்டை ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டேன். மதிப்பீட்டுக்கும் கல்லூரிக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் அதே கோப்புதான் போனது.

மற்றவை சுலபம். பரிந்துரைக் கடிதம் இரண்டு, சில இடங்களில் மூன்று. ஊர்ப் பேராசிரியர் எழுதித் தருவதானால் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள், ஜிமெயிலிலிருந்து வந்தால் சந்தேகப்படுவார்கள். ஆங்கிலத் தேர்வு கேட்டால், ஆங்கில வழியில் படித்ததாகப் பல்கலைக்கழகத்திடம் ஒரு கடிதம் வாங்கினால் விலக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். தம்பி டிரான்ஸ்கிரிப்ட்டுக்குப் போகும் அதே நாளில் இதையும் வாங்கிவிடலாம்.

6. பணக் கணக்கு

இளங்கலை என்றால் 120 கிரெடிட். முதுகலை என்றால் 30 முதல் 36. கிரெடிட்டுக்கு 400 டாலர் என்று வைத்தால் இளங்கலை 48,000. கிரெடிட்டுக்கு 500 என்று வைத்தாலும் 36 கிரெடிட் முதுகலை 18,000 தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த அன்றுதான் எனக்குத் தலை சுற்றியது. தொழில்நுட்பக் கட்டணம், தேர்வுக் கண்காணிப்புக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் என்று சில்லறையாகவும் வரும். மொத்தச் செலவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெல் கிராண்ட் என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகை பற்றி எல்லோரும் சொல்வார்கள். 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் அது ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் வாங்கியவர்களுக்குக் கிடையாது. வெளிநாட்டுப் பட்டமும் இதில் கணக்கு. 'நம் ஊர்ப் பட்டம் இங்கே செல்லாதே, அதனால் இல்லை என்று போடலாம்' என்று ஒரு தோழி சொல்லக் கேட்டு உதவி கேட்கும் படிவத்தை நான் கிட்டத்தட்ட அப்படியே நிரப்பியிருப்பேன். வேண்டாம். அது மத்திய அரசுப் படிவத்தில் பொய்த்தகவல்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் முதுகலைக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர் வரை கிடைக்கும். அரசு வேலையிலோ தகுதியுள்ள தொண்டு நிறுவனத்திலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் ஒன்று உண்டு. சிறைத்துறையும் கவுண்டி நன்னடத்தைத் துறையும் அரசுதானே. எச்-4 காரர்களுக்கு மத்தியக் கடன் கிடையாது.

வரி தாக்கலின்போது மறக்காதீர்கள்: கல்லூரி தரும் 1098-டி படிவத்தை வைத்து 'லைஃப்டைம் லேர்னிங்' வரிக் கழிவு கேட்கலாம். கட்டணத்தில் முதல் 10,000 டாலருக்கு 20 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 2,000 டாலர் வரை. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யும்போது வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டினால் குறைய ஆரம்பித்து 1,80,000-இல் நின்றுவிடும். நம்மவர் வீடுகளில் ஐ.டி. சம்பளம் இருப்பதால் பலருக்கு இது கைக்கு எட்டாது, ஆனாலும் பாருங்கள்.

பாடத்தை விட்டு விலகினால் பணம் திரும்பும் காலம் மிகக் குறைவு. எட்டு வாரப் பருவத்தில் முழுப் பணமும் திரும்புவது பெரும்பாலும் முதல் வாரத்துக்குள்தான். அந்தத் தேதியை நாட்காட்டியில் சிவப்பில் எழுதி வையுங்கள். கடன் வாங்கிப் படிப்பவர்கள் பருவத்தின் 60 சதவீதம் முடிவதற்குள் முழுவதுமாக விலகினால், அரசு கொடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டி வரும்.

7. சேர்ந்த பிறகு

ஒரு கிரெடிட்டுக்கு மொத்தம் 45 மணி நேர உழைப்பு என்பது பொதுக்கணக்கு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 135 மணி. எட்டு வாரத்தில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்குப் பதினேழு மணி நேரம். குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு பாடம்தான் எடுக்க முடியும், முதல் பருவத்திலாவது. வாரம் நடுவில் விவாதப் பதிவு ஒன்று, ஞாயிறு நள்ளிரவுக்குள் மற்றவர்களுக்கு இரண்டு பதில். நள்ளிரவு என்றால் கல்லூரியின் நள்ளிரவு. அரிசோனாவும் நியூஜெர்சியும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை.

மேற்கோள் காட்டும் ஏ.பி.ஏ. முறையை வகுப்பு தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். நம் கல்லூரிகளில் புத்தகத்தை அப்படியே எழுதினால் மார்க். இங்கே அதற்குப் பெயர் திருட்டு, மென்பொருள் நொடியில் பிடித்துவிடும். தேர்வின்போது கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். என் மாமியார் பின்னால் காபி டம்ளரோடு நடந்துபோனதைச் 'சந்தேகத்துக்குரிய நபர்' என்று குறித்து, நான் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள், தமிழில்.

பாடத்தில் எதைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்றால், இடர், தேவை, ஏற்பு என்ற மூன்றையும்தான். மறுவாழ்வுத் துறையே இதன் மேல்தான் நிற்கிறது. மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு யாருக்கு அதிகமோ அவருக்கு அதிகக் கவனம். அவரைக் குற்றத்துக்குத் தள்ளும் காரணம் எதுவோ அதில் கைவைப்பது. அவருக்குப் புரியும், ஒத்துவரும் வழியில் சொல்லிக்கொடுப்பது. இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்று. இடர் குறைந்தவரைத் தீவிரப் பயிற்சியில் தள்ளினால் அவர் நிலைமை மோசமாகிவிடும். வேலை, குடும்பம் என்று ஒழுங்காக இருந்தவரைப் பிடுங்கி, இடர் கூடியவர்களோடு உட்காரவைத்தால் வேறென்ன ஆகும்? இந்த மதிப்பீட்டுக்குப் பயன்படும் கருவிகளில் ஒன்றான எல்.எஸ்.ஐ.-ஆர். 54 கேள்விகள் கொண்டது. நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்பார்கள். கூட்டாளிகள், சிந்தனைப் போக்கு, போதை, குடும்பம், படிப்பு-வேலை, ஓய்வுநேரம் என்று அதன் பிரிவுகளை வாயில் வைத்திருங்கள்.

புள்ளியியல் பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 'மீண்டும் குற்றம்' என்ற சொல்லை எப்படி வரையறுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2005-இல் முப்பது மாநிலங்களில் விடுதலையானவர்களை நீதிப் புள்ளியியல் அலுவலகம் பின்தொடர்ந்தது. ஐந்தாண்டுக்குள் மறுபடி கைதானவர்கள் ஏறத்தாழ 77 சதவீதம். அதே ஐந்தாண்டில் சிறைக்குத் திரும்பியவர்கள் ஏறத்தாழ 55 சதவீதம். ஒரே ஆய்வு, இரண்டு எண். எந்தத் திட்டத்தைப் பற்றிய அறிக்கையைப் படித்தாலும் எதை எண்ணியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தப் பாடத்தில்தான் வந்தது.

8. களப்பயிற்சியும் பின்னணிச் சோதனையும்

இணையவழிக் கல்லூரி உங்களுக்கு இடம் பிடித்துத் தராது, நீங்களே தேட வேண்டும். களப்பயிற்சிக்கு ஆறு மாதம் முன்பே கவுண்டி நன்னடத்தைத் துறைக்கும் விடுதலையானவர்களுக்கான தொண்டு நிறுவனங்களுக்கும் எழுதுங்கள். இரண்டாவதில்தான் பதில் சீக்கிரம் வரும். சிறைக்குள் நுழைவதென்றால் கைரேகை, பின்னணிச் சோதனை, சில இடங்களில் காசநோய்ப் பரிசோதனை, அப்புறம் சிறைக்குள் பாலியல் வன்முறையைத் தடுக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய பயிற்சி. உங்களைப் பற்றி அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையிடம் (எஃப்.பி.ஐ.) என்ன பதிவு இருக்கிறது என்று 18 டாலர் கட்டி நீங்களே முன்கூட்டி வாங்கிப் பார்க்கலாம். பெயர்க் குழப்பம் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். இந்தியக் காவல்துறையின் நற்சான்றையும் அவர்கள் கேட்கக்கூடும். தூதரக வழியில் விண்ணப்பிக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும்.

பத்து ஆண்டுகளில் குடியிருந்த ஒவ்வொரு முகவரியும், தேதியோடு, கேட்பார்கள். சென்னையில் இருந்த மேன்ஷன், பெங்களூரு பி.ஜி. உட்பட. இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சொந்தத்தில் யாராவது இங்கே சிறையில் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். இருந்ததற்காக நிராகரிப்பதைவிட மறைத்ததற்காக நிராகரிப்பது அதிகம்.

முதல் நாள் உடை: டெக்சாஸ் மாநிலச் சிறைகளில் சிறைவாசிகள் வெள்ளை உடுத்துவார்கள். நான் அன்று பளிச்சென்று வெள்ளைக் குர்தாவில் போய் நின்றேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனையும் ஸ்மார்ட் வாட்சையும் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

9. நாட்காட்டி

ஆகஸ்ட் வகுப்புக்கு என் கணக்கு இப்படி. முந்தைய ஆண்டு அக்டோபரில் வேலை விளம்பரங்கள், கல்லூரிப் பட்டியல். கல்வி உதவிப் படிவமும் வழக்கமாக அக்டோபரில்தான் திறக்கும். நவம்பரில் ஊருக்கு ஆள் அனுப்பி டிரான்ஸ்கிரிப்ட். பொங்கல் விடுமுறையில் மாட்டிக்கொண்டால் ஒரு மாதம் போச்சு. ஜனவரி, பிப்ரவரி முழுக்க மதிப்பீட்டுக்கு விட்டுவிடுங்கள். மார்ச்சில் பரிந்துரைக் கடிதங்களோடு விண்ணப்பம். ஜூனில் சேர்க்கை உறுதியானதும், பழைய கிரெடிட்டில் எதை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நான் வீணாக்கிய பன்னிரண்டு கிரெடிட்டில் ஒன்றைக்கூட முதுகலையில் ஏற்கவில்லை, இளங்கலைக் கிரெடிட் என்பதால்.

படிப்பு முடியும் வரை வேலைக்கு விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். நேர்காணல், பின்னணிச் சோதனை, மருத்துவச் சோதனை என்று அரசு நியமனம் மாதக்கணக்கில் இழுக்கும். கடைசிப் பருவத்துக்கு முந்தைய பருவத்திலேயே, பட்டம் எந்த மாதம் முடியும் என்று கல்லூரிப் பதிவாளர் தரும் கடிதத்தை இணைத்து விண்ணப்பியுங்கள். எனக்கு அந்தக் கடிதம் வர ஒன்பது நாள் ஆனது. விளம்பரத்தின் கடைசித் தேதிக்கு அப்போது மிச்சமிருந்தது இரண்டு நாள்.